கயிறு காப்பாற்றியது பாதி, கதவு காப்பாற்றியது மீதி

ஈப்போவின் புந்தோங்கிலிருந்து மெங்லெம்பு, லாகாட் வழியாகப் பத்து காஜா போய், கோப்பெங் சாலையில் திரும்பினால் கெல்லி கோட்டை. வருகிறவர்கள் மொட்டைமாடியையும் பேய்க்கதையையும் தேடுவார்கள். லிப்ட் பழுதுபார்க்கும் வேலையிலேயே தலை நரைத்த எனக்குக் கண் போவது ஓரிடத்துக்குத்தான்: லிப்டுக்காக விட்டுவைத்த அந்தச் செங்குத்துக் குழி.

ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் இருபது வயதில் மலாயா வந்தவர். ரப்பரில் பணம் பார்த்து, 1915-இல் இந்த மாளிகையை எழுப்பத் தொடங்கினார். செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டிய கைகளும் அங்கிருந்து வந்த தமிழ்க் கைகள்தான். நடுவில் விஷக்காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் மாண்டார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று மிச்சப்பேர் கேட்டார்கள், துரையும் ஒத்துக்கொண்டார். அந்தக் கோயில் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. சாமி சிலைகளின் வரிசையில் துரையின் உருவமும் நிற்கிறது. 1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்தார். லிப்ட் வாங்கிவரத்தான் போனார் என்று எங்கள் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். லிப்ட் வரவேயில்லை. குழி மட்டும் தங்கிவிட்டது.

கூண்டும் கதவும் இல்லாத லிப்ட் குழி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுதான். அது ஆபத்து என்பது கண்ணுக்கே தெரியும். கூண்டு வந்த பிறகு அந்த ஆபத்து மறைந்துகொள்ளும், போய்விடாது. உலகம் இதைப் புரிந்துகொள்ள நாளாயிற்று.

1854-இல் நியூயார்க் கண்காட்சியில், கயிறு அறுந்தால் பிடிக்கும் தடுப்பை அமைத்த எலிஷா ஓட்டிஸ் மேடையோடு மேலே ஏறி நின்று, தாங்கிய கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை விழவில்லை. அன்றோடு கயிறு அறுந்து சாகும் பயம் தணிந்தது. ஆனால் மாடியில் காத்திருப்பவருக்கு யார் காவல்? குழியின் வாயை மூடுவதும் திறப்பதும் ஆள் கையில் இருந்தது. மூட மறந்தால், கூண்டு நிற்கிறதென்று நம்பிக் காலை வைத்தவர் நேரே குழிக்குள்தான். அமெரிக்காவின் டுலுத் நகரில் வாழ்ந்த அலெக்சாண்டர் மைல்ஸ் என்ற கறுப்பினத்தவர், கூண்டின் ஓட்டமே குழிக்கதவைத் திறந்து மூடும்படி ஒரு பொறியமைத்து 1887-இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. எல்லோர் எண்ணமும் ஒன்றே: காவலை மனித ஞாபகத்திடம் விடக்கூடாது.

இன்றைய மாடிக்கதவில் அந்த எண்ணம் முழுமையாக இருக்கிறது. மாடிக்கதவுக்கென்று மோட்டார் கிடையாது. கூண்டு வந்து நின்றதும் கூண்டுக்கதவில் உள்ள தகடு, மாடிக்கதவின் இரண்டு ரோலர்களைப் பற்றிக் கொக்கியை விடுவிக்கும். இரண்டும் சேர்ந்து திறக்கும். கூண்டு இல்லாத மாடியில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கதவு அசையாது. கொக்கி மாட்டி, மின்தொடர்பு சேர்ந்தால்தான் கூண்டும் நகரும். ஐரோப்பியத் தரவிதிப்படி கொக்கி குறைந்தது 7 மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். கையால் திறக்க வேண்டுமென்றால் எங்களிடம் முக்கோணச் சாவி உண்டு. திறந்த கதவை விட்டுவிட்டால், எடைக்கட்டியோ ஸ்பிரிங்கோ அதைத் தானே மூடிவிடும்.

இயந்திரப் பாதுகாப்புக்கான நம் மலேசியச் சட்டம் கொதிகலனில் தொடங்கியது. 1878-இல் நீராவிக் கொதிகலன்களைச் சோதிக்க முதல் ஆய்வாளர் நியமிக்கப்பட்டார். கொதிகலன் சட்டங்களுக்குப் பதிலாக 1914-இல் இயந்திரச் சட்டம் வந்தது. 1967-இன் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் 1970-இல் லிப்டுக்கென்றே தனி விதிகள் பிறந்தன. லிப்டுக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயமாயிற்று. அந்தச் சட்டத்தில் அது 15 மாதத்துக்குத்தான் செல்லுபடியானது, பிறகு மறுபடியும் ஆய்வு. 2024 ஜூன் மாதம் அந்தப் பழைய சட்டம் நீக்கப்பட்டு, பொறுப்பு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறியது.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், லயங்கள் என்ற தொழிலாளர் வரிசைவீடுகளில் வாழ்ந்த சனங்கள் பலர் ஈப்போவின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிவந்தார்கள். தரையோடு வாழ்ந்தவர்களுக்கு லிப்ட் புதிது. அங்கே நான் அதிகம் பழுதுபார்த்தது மோட்டாரையோ கயிற்றையோ அல்ல, மாடிக்கதவின் அடிப்பக்கத்தைத்தான். கதவு மேலே தண்டவாளத்தில் தொங்கும். கீழே சிறிய வழிகாட்டிக் கட்டைகள் வாசற்படிப் பள்ளத்தில் ஓடும். மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றும்போது சக்கரம் மோதும், பிள்ளைகள் உதைப்பார்கள், பள்ளத்தில் குப்பை சேரும். அந்தக் கட்டை தேய்ந்தோ உடைந்தோ போனால், மேலே கொக்கி சரியாகப் பூட்டியிருந்தும் கீழ்ப்பக்கம் உள்ளே விலகும். சாய்ந்து நிற்பவரை அந்தப் பூட்டு தாங்காது. இதை ஒரு மாடிக்கதவு விடாமல் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். கூண்டுக்குள் நின்று பொத்தான்களை மட்டும் அழுத்திப் பார்ப்பது சோதனையே அல்ல.

அதனால் குடியிருப்போருக்கும் நிர்வாகக் குழுக்களுக்கும் ஒன்று சொல்வேன். மாடிக்கதவு ஆடினால் அன்றே புகார் கொடுங்கள், கதவில் சாயாதீர்கள், நெம்பித் திறக்காதீர்கள். செலவைக் குறைக்க நினைத்தால் கூண்டின் கண்ணாடியில் குறையுங்கள், விளக்கு அலங்காரத்தில் குறையுங்கள், கதவின் கட்டையில் மட்டும் வேண்டாம். கயிற்றுக்குக் காவலாக எத்தனையோ ஏற்பாடு உண்டு. மாடியில் நிற்கும் பிள்ளைக்கும் குழிக்கும் இடையில் இருப்பது அந்த ஒரு கதவுதான்.