கிரிக்கெட் மட்டையிலிருந்து பேஸ்பாலுக்கு: ஆந்திர வம்சாவளி வீரர் அர்ஜுன் நிம்மலாவின் பயணம்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2023 ஜூலையில் நடத்திய வீரர் தேர்வில், முதல் சுற்றில் 20-ஆவது வீரராக டொரொண்டோ புளூ ஜேஸ் அணியால் தேர்வு செய்யப்பட்டவர் அர்ஜுன் நிம்மலா. அப்போது அவருக்கு வயது 17.

ஆந்திரத்தின் விஜயவாடாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 2005-இல் புளோரிடாவின் டாம்பா நகரில் பிறந்த அவர், சிறுவயதில் தந்தையுடன் கிரிக்கெட் ஆடியவர். ஸ்ட்ராபெரி கிரெஸ்ட் உயர்நிலைப் பள்ளி அணியில், இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே களம் காக்கும் 'ஷார்ட்ஸ்டாப்' வீரராகவும் மட்டையாளராகவும் கவனம் ஈர்த்தார்.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியில் சேர அவர் முன்னரே இசைந்திருந்தார். அங்கு சென்றிருந்தால், பொதுவாக மூன்றாண்டு கழித்தே மீண்டும் தேர்வுக்குத் தகுதி பெற்றிருப்பார். எனினும் சுமார் 30 லட்சம் டாலருக்கு டொரொண்டோ அணியுடன் ஒப்பந்தம் செய்து, தொழில்முறை வீரரானார்.

முன்னதாக 2008-இல், தொலைக்காட்சிப் போட்டி வாயிலாகக் கண்டறியப்பட்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகியோர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் இணைந்தனர். ஆனால் மேஜர் லீக்கில் ஆடவில்லை. தாய்வழி இந்திய வம்சாவளியினரான பந்துவீச்சாளர் குமார் ராக்கர், 2022 தேர்வில் மூன்றாமிடம் பெற்றார்.

டனிடின், வான்கூவர் நகர்களின் கீழ்நிலை அணிகளில் நிம்மலா தொடர்ந்து ஆடினார்.