தாமதமாக வந்த ஒலிநாடாக்கள்: 1960களின் கன்ட்ரி ராக் மேடை

கன்ட்ரி ராக் என்ற இசைவகை 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளில், பெரும்பாலும் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உருப்பெற்றது. தென் மாநிலங்களின் உழைப்பாளர் வீடுகளில் வானொலி வழியே ஒலித்த கன்ட்ரி பாட்டையும் நகரத்து இளைஞர்களின் ராக் இசையையும் ஒன்றாக மேடையேற்றிய முயற்சி அது. அந்நாளைய கச்சேரிப் பதிவுகளை இன்று தேடித் தேடிக் கேட்கும் ரசிகர்களில் பலர் அந்த அரங்குகளைப் பார்த்ததே இல்லை. முக்கியமான பதிவுகளோ முப்பது, நாற்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த பிறகே வெளிவந்தன. ஆகவே இந்த ஏக்கத்தின் வரலாறு பெரும்பகுதி ஒலிநாடாக்களின் வரலாறுதான்.

வியட்நாம் போர்க்காலத்தில் கன்ட்ரி ரசிகரும் ராக் ரசிகரும் எதிரெதிர் முகாம்களில் இருந்தனர். 1968 மார்ச்சில் பேர்ட்ஸ் என்ற ராக் குழு நாஷ்வில் நகரின் ரைமன் அரங்கில், 1925 முதல் நடந்துவரும் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் பாடியது. நீண்ட முடி வளர்த்த இளைஞர்களைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்து கேலிக்குரல் எழுந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த கிராம் பார்சன்ஸ், அறிவித்த பாட்டை விட்டுத் தன் சொந்தப் பாட்டைப் பாடி நிகழ்ச்சி நடத்தியவர்களின் கோபத்தையும் சம்பாதித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ இசைத்தட்டு மந்தமாகவே விற்றது. பிற்காலத்தில் இந்த இசைவகையின் தொடக்க நூல் என்று போற்றப்படும் தட்டு அது. அது கடைக்கு வருமுன்பே பார்சன்ஸ் குழுவை விட்டு விலகிவிட்டார்.

விற்காத குழுக்களின் கச்சேரியைப் பதிவுசெய்ய எந்த நிறுவனமும் பணம் இறைக்காது. பலதடப் பதிவுக் கருவிகளையும் பொறியாளர்களையும் அரங்குக்குக் கொண்டுபோவது செலவுபிடித்த வேலை. 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறையில் பதிவான ஜானி கேஷின் கச்சேரி பெருவெற்றி பெற்றது உண்மையே. ஆனால் கேஷ் அதற்குள் நாடறிந்த கன்ட்ரி பாடகர். இளைய குழுக்களுக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. தொலைக்காட்சியால் புகழ்பெற்றிருந்த ரிக் நெல்சன் 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ட்ரூபடூர் விடுதியில் பாடியது உடனடியாகத் தட்டாக வந்தது ஒரு விதிவிலக்கு. போக்கோ குழுவின் மேடைத் தட்டுக்கு ரசிகர்கள் 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பேர்ட்ஸ் 1969 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்தது பதிவாகியும் 2000ஆம் ஆண்டில்தான் வெளியானது. அதைக் கேட்பவர் முதலில் கவனிப்பது கிளாரன்ஸ் ஒயிட்டின் கிட்டார். அவரும் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜீன் பார்சன்ஸும் சேர்ந்து, தோள்வாரை இழுத்தால் ஒரு தந்தியின் சுருதி மட்டும் ஏறும்படி ஒரு பொறி அமைத்திருந்தார்கள். பெடல் ஸ்டீல் என்பது கோட்டுவாத்தியம்போலக் கிடையாக வைத்து, தந்திமேல் உலோகத் தண்டை நகர்த்தி வாசிக்கும் கருவி; சுருதியை மாற்ற மிதிகள் உண்டு. அந்தப் பொறியால் சாதாரண மின்கிட்டாரில் அதன் இழைவு கேட்டது. ஒயிட் 1973இல் குடிபோதையில் வந்த ஒருவரின் கார் மோதி இறந்தார். அவர் கையோட்டத்தை மேடையில் கேட்க எஞ்சியிருப்பவை இத்தகைய நாடாக்களே.

எல்லாவற்றிலும் அருமையானது ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவின் பதிவு. பேர்ட்ஸிலிருந்து விலகிய கிராம் பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் தொடங்கிய குழு இது. 1969 பிப்ரவரியில் வந்த முதல் தட்டு அமெரிக்கப் பட்டியலில் 164ஆம் இடத்தைத் தாண்டவில்லை. மேடையில் ஒழுங்கில்லாமல் வாசிப்பவர்கள் என்ற பெயரும் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை மாற்றியவர் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஒலிப்பொறியாளர் ஓஸ்லி ஸ்டான்லி. தன் ஒலியமைப்பைத் தானே சரிபார்த்துக்கொள்ள அவர் தினமும் கச்சேரிகளைப் பதிவுசெய்தார். டெட் குழுவுக்கு முன்பாக மேடையேறுபவர்களையும் விடவில்லை. 1969 ஏப்ரல் 4, 6 தேதிகளில் சான் ஃபிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் பரிட்டோ குழு வாசித்தது அப்படித்தான் நாடாவில் தங்கியது. கன்ட்ரி பாடகர்களான ஜார்ஜ் ஜோன்ஸ், ஹேங்க் வில்லியம்ஸ் ஆகியோரின் பாட்டுகளை ஹிப்பி இளைஞர் கூட்டத்தின் முன் அவர்கள் மனமுருகப் பாடியிருக்கிறார்கள்.  சுருதியை மாற்ற மிதிகள் உண்டு. ஸ்னீக்கி பீட் கிளைனோ பெடல் ஸ்டீலைக் கரகரப்பான மின்னொலியோடு முழங்கவைப்பது நாடாவில் தெளிவாகக் கேட்கிறது. 2007இல் கலிஃபோர்னியாவின் அமீபா நிறுவனம் இதை வெளியிட்டபோது பார்சன்ஸ் இறந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் 26 வயதில் போனவர்.

இடைப்பட்ட காலத்தில் ரசிகர்களே தங்கள் தாகத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பாப் டிலனின் வெளிவராத பாட்டுகள் ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்ற கள்ளத்தட்டாக வந்ததுமுதல் அந்த வணிகம் பெருகியது. 1972 பிப்ரவரி வரை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்குப் பதிப்புரிமை தரவில்லை என்பது அதற்குத் துணைநின்றது. காசு வாங்காமல் நாடாவுக்கு நாடா மாற்றிக்கொண்டவர்களின் வழக்கம் வேறு. பழைய கச்சேரிகள் அழியாமல் நின்றதில் அவர்களின் பங்கு பெரிது. பிரிட்டனில் 1969இல் தொடங்கிய ‘ஜிக்ஜாக்’ இதழ் கலிஃபோர்னியக் குழுக்களைப் பற்றி விரிவாக எழுதி, கடலுக்கு அப்பாலும் இந்த ஆர்வத்தை வளர்த்தது. 1970களில் ஈகிள்ஸ் குழு இதே பாணியை மெருகேற்றிக் கோடிக்கணக்கில் விற்றபின், அதன் மூலவர்களைத் தேடுவோர் மேலும் கூடினர்.

அந்த மெருகு இல்லாததே பழைய பதிவுகளின் பெருமதிப்பு. குரல் பிசகுகிறது, கிட்டார் சுருதி சேர்க்கும் ஓசை இடையே கேட்கிறது, கைதட்டல் சில இடங்களில் மிகக் குறைவு. புதிய இசை ஒன்று ஆதரவில்லாத கூட்டத்தின் முன் தன்னை நிலைநாட்டப் பாடுபடுவதை ஸ்டூடியோத் தட்டு இவ்வளவு நேராகக் காட்டாது.

ஸ்டான்லி 2011இல் ஆஸ்திரேலியாவில் கார் விபத்தில் இறந்தார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை, அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 1,300 நாடாச் சுருள்கள் சிதைவதற்குள் அவற்றை எண்ணிமப் பதிவாக மாற்றும் பணியை மேற்கொண்டது. டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா பெடல் ஸ்டீல் வாசித்த நியூ ரைடர்ஸ் குழுவின் 1969, 1970 ஆண்டுப் பதிவுகள் 2020இலும், கரோசல் பால்ரூமில் 1968 ஏப்ரல் 24 அன்று ஜானி கேஷ் நடத்திய கச்சேரி 2021இலும் அந்தச் சுருள்களிலிருந்து வெளிவந்தன.