ஒரே உருவில் இரு சொற்கள்



ரோமருக்கு எழுதின நிருபம், முதலாம் அதிகாரம், 13ஆம் வசனத்தை நம் தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். ரோமாபுரிக்கு வரப் பலமுறை எண்ணியும் தமக்குத் தடை நேர்ந்ததாகப் பவுல் அங்கே தெரிவிக்கிறார். இனி, 1611ஆம் ஆண்டில் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் அதே வசனத்தைத் திறவுங்கள். தடை நிற்க வேண்டிய இடத்தில் 'லெட்' என்ற சொல் நிற்கிறது. 'லெட்' என்றால் 'விடு', 'அனுமதி கொடு' என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்படியானால் தமிழில் பவுலுக்குத் தடை. ஆங்கிலத்தில் அவருக்கு அனுமதி! ஆங்கில வழியில் படிக்கும் உங்கள் மகளோ மகனோ, "தமிழில் தவறாக மொழிபெயர்த்துவிட்டார்கள்" என்று சொன்னால் என்ன மறுமொழி கூறுவீர்கள்? இன்று ஒரு வசனத்தின்மேல் எழும் ஐயம், நாளை வேதத்தின்மேலேயே எழக்கூடும்.

தமிழும் சரி, ஆங்கிலமும் சரி. பழைய ஆங்கிலத்தில் 'லெட்டன்' என்றொரு சொல் இருந்தது. அதற்குத் தடுத்தல் என்று பொருள். 'லேட்டன்' என்று வேறொரு சொல்லும் இருந்தது. அதற்கு விடுதல், அனுமதித்தல் என்று பொருள். காலப்போக்கில் சொற்களின் ஈறுகள் தேய்ந்து, இரண்டும் 'லெட்' என்ற ஒரே உருவில் வந்து சேர்ந்தன. நேர் எதிரான பொருளுடைய இரு சொற்கள் ஒரே உடையை எத்தனை நாள் உடுத்திக்கொண்டிருக்க முடியும்? தடுத்தல் என்ற பொருளுடையது மெல்ல வழக்கொழிந்தது. முழுவதும் மறைந்துவிடவில்லை. உங்கள் வீட்டில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோளை வாசியுங்கள். அதன் ஆங்கிலத்தில் 'தடை' என்ற பொருளிலேயே இந்த 'லெட்' இன்னும் உயிரோடிருக்கிறது.

மறைந்துபோன சொல்லால் ஆபத்தில்லை. தெரியாத சொல்லைக் கண்டால் அகராதியைத் தேடுவோம். உருவம் மாறாமல் பொருள் மாறிய சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. 1 தெசலோனிக்கேயர் 4:15இல் 'பிரிவென்ட்' என்ற ஆங்கிலச் சொல், இலத்தீன் மூலத்தின்படி 'முந்திச் செல்லுதல்' என்று பொருள்படும். இன்றோ அது 'தடுத்தல்'. பிலிப்பியர் 1:27இல் வரும் 'கான்வர்சேஷன்' அக்காலத்தில் நடக்கையைக் குறித்தது. இன்று உரையாடலைக் குறிக்கிறது. அந்த ஆங்கில வசனத்தைக் கொண்டு நாவடக்கத்தைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தவர்களும் உண்டு. பிரசங்கம் நல்லதுதான், வசனம் அதைச் சொல்லவில்லை.

இவையெல்லாம் அறிஞருக்கு எப்படித் தெரியும்? 1857ஆம் ஆண்டு லண்டன் மொழியியல் சங்கத்தின்முன், அந்நாள்வரை இருந்த ஆங்கில அகராதிகளின் குறைகளை ஒருவர் எடுத்துரைத்தார். அவர் ரிச்சர்ட் செனெவிக்ஸ் டிரெஞ்ச், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் குரு. இறையியல் கற்றவர்களுக்கு அவர் உவமைகளையும் அற்புதங்களையும் குறித்து எழுதிய நூல்களால் அறிமுகமானவர். இந்தச் சொல் நல்லது, அந்தச் சொல் ஆகாது என்று தீர்ப்புச் சொல்வது அகராதிக்காரரின் வேலையன்று. ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் உள்ளபடி எழுதுவதே அவர் கடமை என்பது டிரெஞ்சின் வாதம். அதிலிருந்து பிறந்ததே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி.

அதன் வேலைமுறை வியக்கத்தக்க எளிமையுடையது. தன்னார்வலர்கள் பழைய நூல்களை வாசித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தையும் அந்நூலின் பெயரையும் ஆண்டையும் ஒரு சிறு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். 1879இல் ஆசிரியப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே ஒரு தையற்காரரின் மகன். 14 வயதில் பள்ளியை விட்டவர். தம் தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றை எழுப்பி, வந்து குவிந்த சீட்டுகளைச் சொல்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அறைகளில் அடுக்கினார். அப்படி அடுக்கும்போது ஒரு சொல்லின் வாழ்க்கையே கண்முன் விரிகிறது: எந்த ஆண்டில் பிறந்தது, புதிய பொருள் எப்போது ஒட்டிக்கொண்டது, பழைய பொருள் கடைசியாக எங்கே காணப்பட்டது. முதற்பகுதி 1884இலும் கடைசிப்பகுதி 1928இலும் வெளிவந்தன. ஏறத்தாழ 18 லட்சம் மேற்கோள்கள் அதில் அச்சேறின. மர்ரே 1915இலேயே மரித்துப்போனார். முடிவை அவர் காணவில்லை.

வேதாகமமும் இவ்வாய்வுக்குப் பெருந்துணை செய்திருக்கிறது. ஒரே பகுதி வெவ்வேறு நூற்றாண்டுகளில் மொழிபெயர்க்கப்பட்டிருப்பதால், வேறுபாட்டைக் கண்டவுடன் மாறியது மொழியே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். (விக்கிளிஃப் மொழிபெயர்ப்பு இலத்தீனிலிருந்தும், 1526இல் வந்த டிண்டேலின் புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்தும் செய்யப்பட்டவை, அந்த வேறுபாட்டைக் கழித்தே பார்க்க வேண்டும்.) 10ஆம் நூற்றாண்டு முடிவில் எழுந்த பழைய ஆங்கிலச் சுவிசேஷத்தின் பரமண்டல ஜெபத்தில், அப்பத்துக்கு 'ஹ்லாஃப்', சோதனைக்குக் 'கோஸ்ட்னுங்' என்ற சொற்கள் வருகின்றன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின. 14ஆம் நூற்றாண்டின் விக்கிளிஃப் வேதாகமத்தைத் திறந்தால் 'கோஸ்ட்னுங்' போய், பிரெஞ்சு வழி வந்த 'டெம்ப்டேஷன்' அமர்ந்திருக்கிறது. 'ஹ்லாஃப்' இன்றைய 'லோஃப்' ஆகச் சுருங்கியது. அப்பத்தைக் காப்பவன் என்று பொருள்படும் 'ஹ்லாஃப்வெயர்ட்' தேய்ந்து தேய்ந்து 'லார்ட்' ஆயிற்று. ஆங்கிலத்தில் கர்த்தரைக் குறிக்கும் அதே சொல்தான்!

ஆனால் நூல்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் கற்ற ஆண்கள். பேச்சுக்கு நெருங்கிய மொழியைத் தேடி, ஹெல்சிங்கி பல்கலைக்கழக அறிஞர்கள் 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரையிலான ஏறத்தாழ 6,000 கடிதங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். வினைச்சொல்லின் பழைய 'எத்' ஈற்றை விட்டுப் புதிய 'எஸ்' ஈற்றுக்கு மாறுவதில் பெண்களே முந்திக்கொண்டார்கள் என்று அக்கடிதங்கள் காட்டின. கிங் ஜேம்ஸ் வேதாகமமோ 1611இலும் 'எத்' ஈற்றையே கைக்கொண்டது. அச்சேறிய நாளிலேயே அதற்குப் பழமையின் சாயல் இருந்தது.

'தௌ' என்ற சொல்லும் அப்படியே. அது தேவனுக்குரிய மரியாதைச் சொல் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த வேதாகமத்தில் அது ஒருமை முன்னிலை மாத்திரமே. சாத்தானோடு பேசும்போதும் அதே சொல்தான். பன்மைக்கு 'யீ', 'யூ' என்று தனிச்சொற்கள் இருந்தன. இன்றைய பொது ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' ஒன்றே.

லூக்கா 22ஆம் அதிகாரம் 31, 32ஆம் வசனங்களை மூன்று வேதாகமங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இரு வசனங்களிலும் 'யூ' என்றே இருக்கும். கிங் ஜேம்ஸில் முதல் வசனத்தில் 'யூ', அடுத்ததில் 'தீ'. நம் தமிழிலோ முதலில் 'உங்களை', பிறகு 'உனக்காக'. சாத்தான் புடைக்கக் கேட்டது சீஷர் அனைவரையும். ஆண்டவர் வேண்டிக்கொண்டதாகச் சொன்னது, சேவல் கூவுமுன்னே தம்மை மறுதலிக்கப்போகிற அந்த ஒருவனுக்காக.