வெயிலைப் படம்பிடித்தவர்கள்

திரைப்படத்தின் வரலாறு வெயிலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், வெஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில், 1893-ஆம் ஆண்டு எடிசன் ஒரு படப்பிடிப்புக் கூடம் கட்டினார். கறுப்புத் தார்த்தாள் போர்த்திய கொட்டகை அது. கூரையின் ஒரு பகுதி திறந்துகொள்ளும். சூரியன் நகர நகர, கொட்டகை முழுவதையும் வட்டத் தண்டவாளத்தின்மேல் வைத்துத் திருப்புவார்கள். அன்றைய படச்சுருளுக்கு அவ்வளவு வெளிச்சம் தேவைப்பட்டது. பின்னர் அமெரிக்கத் திரைப்படத் தொழில் தெற்குக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, ஆண்டு முழுதும் கிடைக்கும் வெயிலும் அதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

ஒளியை நாடிச் சென்றவர்களுக்கு வெப்பமும் சேர்ந்தே கிடைத்தது. திரைப்பட நூல்கள் ஒளியைப் பற்றி எழுதிய அளவுக்கு வெப்பத்தைப் பற்றி எழுதியதில்லை. அந்த வெப்பத்தைத் தாங்கிய உடல்களைப் பற்றி எழுதியது அதனினும் குறைவு. இக்கட்டுரையில் நாம் பார்க்க விரும்புவது அந்த உடல்களைத்தான்.

1923-ஆம் ஆண்டுக் கோடையில் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் தமது 'கிரீட்' திரைப்படத்தின் இறுதிக் காட்சிகளை எடுக்க, கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குக்குச் சென்றார். ஃபிராங்க் நாரிஸ் 1899-இல் வெளியிட்ட 'மெக்டீக்' நாவலின் திரைவடிவம் அது. பாலை நடுவே இருவர் பணத்துக்காக அடித்துக்கொள்வதும், தண்ணீர்க் குடுவை துளைபட்டு நீரெல்லாம் வீணாவதும், உயிரோடிருப்பவன் விலங்கால் பிணத்தோடு பிணைக்கப்பட்டு வெயிலில் நிற்பதும் கதையின் முடிவு. பாலைக் காட்சி என்றால் ஆக்ஸ்னார்டின் கடற்கரை மணல்மேடுகளில் எடுத்து முடிப்பதே அன்றைய வழக்கம். ஸ்ட்ரோஹைம் அதை ஏற்கவில்லை. நாவலில் எந்த இடமோ அந்த இடமே வேண்டும் என்றார்.

அந்த இடம் சாதாரணமானதன்று. 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 பாகை செல்சியசே இன்றுவரை உலகின் அதிகபட்ச வெப்பநிலையாக அதிகாரபூர்வமாகக் கொள்ளப்படுகிறது. 1923-இல் அங்கே நல்ல சாலையில்லை, விடுதியில்லை, எளிதில் கிடைக்கும் தண்ணீருமில்லை. சென்ற 43 பேரில் 14 பேர் நோயுற்று லாஸ் ஏஞ்சல்சுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நடிகர் ஜீன் ஹெர்ஷோல்ட் படப்பிடிப்பு முடிந்ததும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தம் எடையில் 27 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 12 கிலோ, இழந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தம் வாழ்நாளின் சிறந்த வேடம் அதுதான் என்றும் அவர் சொன்னார்.

படம் 1924-இல் வெளியானபோது, பல மணி நேரம் ஓடக்கூடிய மூல வடிவத்தின் பெரும்பகுதியைத் தயாரிப்பு நிறுவனம் வெட்டி எறிந்திருந்தது. வெட்டப்பட்ட சுருள்களுக்காகத் திரை ஆர்வலர்கள் நூறாண்டுகளாக வருந்துகிறார்கள். நமக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆயினும் திருப்பி அனுப்பப்பட்ட அந்த 14 பேரின் பெயரை வழமையான திரைப்பட வரலாறுகளில் தேடினால், ஓர் எண்ணிக்கையாக மட்டுமே அவர்கள் அகப்படுகிறார்கள்.

ஸ்ட்ரோஹைமைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் அவர் காலத்தில் வெப்பம் பற்றிய அறிவே அரைகுறையாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தண்ணீர் இல்லாமல் சமாளிக்க உடம்பைப் பழக்கிவிடலாம் என்ற எண்ணம் அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இராணுவத்தில் நிலவியது. இரண்டாம் உலகப் போரின்போது கலிபோர்னியப் பாலையில் வீரர்களை வைத்து எட்வர்ட் அடால்ஃப் தலைமையிலான ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகள் அந்த எண்ணத்தைத் தகர்த்தன. 1947-இல் நூலாக வெளிவந்த அம்முடிவுகளில் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும். நீரின்றி இருக்க உடலைப் பழக்க முடியாது என்பது ஒன்று. தாகம் நம்பத்தக்க அளவுகோல் அன்று என்பது மற்றொன்று: தாகத்துக்கு மட்டும் குடிப்பவன் வியர்வையில் இழந்ததை முழுவதும் ஈடுசெய்வதில்லை. வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால், இழப்பு கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதையடுத்து 1950-களில், அமெரிக்கக் கடற்படை வீரர்களின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் பலர் வீழ்ந்ததையொட்டி, புதிய அளவீடு ஒன்று உருவாயிற்று. நிழலில் தொங்கும் வெப்பமானியை மட்டும் பாராமல், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறை அது. அதில் ஈரப்பதத்தைக் காட்டும் அளவுக்கே பத்தில் ஏழு பங்கு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடல் குளிராது. கடலோர ஊரில் 36 பாகை, உள்நாட்டு ஊரின் 40 பாகையை விடக் கொடியதாக இருக்கக்கூடும் என்பதன் பொருள் இதுவே.

டேவிட் லீன் 1961-இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்காக ஜோர்டானியப் பாலைக்குச் சென்றபோது ஏற்பாடுகள் பெருகியிருந்தன. தண்ணீர் தொலைவிலிருந்து வண்டிகளில் வந்தது. படச்சுருளைக் காக்கக் குளிரூட்டிய வண்டி இருந்தது. கேமராவுக்குக் குடை பிடித்தார்கள், ஈரத்துணி போர்த்தினார்கள். கருவிக்குக் குடை பிடித்தவரின் தலைக்கு யார் குடை பிடித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அக்கேள்விக்கு விடை திரையுலகிலிருந்து வரவில்லை. வயலிலிருந்து வந்தது. 2005-ஆம் ஆண்டுக் கோடையில் கலிபோர்னிய விவசாயத் தொழிலாளர்கள் சிலர் வெப்பத்தால் இறந்தனர். அதைத் தொடர்ந்து வெளியிடங்களில் உழைப்போர் அனைவருக்குமாக அம்மாநிலம் ஒரு விதி இயற்றி, மறு ஆண்டில் நிரந்தரமாக்கியது. ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிநீர், அருகில் நிழல், கேட்டவுடன் ஓய்வு, முன்கூட்டிய பயிற்சி ஆகியவை வேலை கொடுப்பவரின் கடமையாயின. திரைப்படக் குழுவும் இதற்குள் அடக்கம். மரணப் பள்ளத்தாக்கு அமைந்த அதே மாநிலத்தில், 'கிரீட்' எடுக்கப்பட்டு 82 ஆண்டுகள் கழித்து இது நடந்தது.

இன்று கைக்கடக்கமான கருவியோடு குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கப் புறப்படும் நண்பர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு இவ்வரலாறு சொல்வது சில எளிய செய்திகளே. வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே முதல் நாளிலேயே முழு நாள் வேலை கூடாது. தாகத்துக்குக் காத்திராமல் கால்மணிக்கொரு முறை ஒரு குவளை நீர் அருந்தவேண்டும். உச்சிப்பொழுதை ஓய்வுக்கு விட்டுக் காலையிலும் மாலையிலும் படம்பிடிக்கலாம். ஒளியும் அப்போதுதான் அழகாயிருக்கும். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், அது களைப்பன்று. உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்திருக்கக்கூடும். உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் குளிர்ந்த நீரூற்றி விசிறவேண்டும். மருத்துவ உதவியை அழைக்கும்போதே குளிர்விப்பதும் தொடங்கிவிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் நீர் புகட்டலாகாது.

வேனிலையும் நண்பகலையும் பாலைக்குரிய பொழுதாக வகுத்த இலக்கண மரபு நம்முடையது. அந்தப் பொழுது மனிதரை என்ன செய்யும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. காட்சியின் உண்மைக்காகக் கலைஞன் தன்னை வருத்திக்கொள்ளலாம். அது அவன் விருப்பம். ஒளித்தட்டைப் பிடித்து நிற்கும் கூலிக்காரருக்கு அந்த விருப்பம் கேட்கப்படுவதில்லை. நல்ல படம் என்று நாம் ஒன்றைக் கொண்டாடும்போது, அதை எடுத்து முடித்த அனைவரும் வீடு திரும்பினார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பழகவேண்டும்.