கூப்பேயா செடானா? பொகவந்தலாவையில இருந்து ஒரு பதில்

பழைய கார் பைத்தியங்கள் கூடினா ஒரு வாதம் கட்டாயம் வரும். ரெண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கூப்பே நல்லதா, குடும்பமா போற செடான் நல்லதா? பொகவந்தலாவையில் வளர்ந்த எனக்கு இது வேகத்தைப் பற்றின கேள்வியா தெரியல. யாருக்கு சீட் இருந்தது என்ற கேள்வியாத்தான் தெரியுது.

1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் ரெண்டு கார்கள் அறிமுகமாயின. ஒன்று ஜாகுவார் எக்ஸ்கே 120. ஆறு சிலிண்டர், 3.4 லீட்டர் எஞ்சின், 160 குதிரைவலு. மணிக்கு 120 மைல் ஓடும் என்பதால்தான் அந்தப் பெயர். முதலில் திறந்த காராக வந்தது, 1951இல் கூரையோட கூப்பேயும் வந்தது.

மற்றது மொரிஸ் மைனர். 918 சிசி எஞ்சின், 30 குதிரைவலுகூட இல்லை. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுக்கமா இருக்கு என்று நீளவாக்கில் ரெண்டா வெட்டி, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அகலம் அப்படியே முடிவாச்சு. ஏற்கெனவே செய்துவைத்த பம்பர்களை நடுவில் வெட்டி, துண்டு போட்டு இணைத்தார்கள். 1950இல் நாலு கதவு மொடல் வந்தது. 1960 டிசம்பரில் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது. எக்ஸ்கே 120 மொத்தமே பன்னிரண்டாயிரம் சொச்சம்தான்.

மலையகத்தில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று ஒரு மேடை இருந்தது. நுவரெலியா மஹகஸ்தோட்டையில் 1934இல் மலையேற்ற கார் போட்டி தொடங்கியது. ஓடுபாதை, தேயிலைத் தோட்டத்து ரோடு. நம்ம ஆட்கள் கொழுந்துக் கூடையோட நடந்த மாதிரியான ரோட்டில் துரைமார் செக்கன் கணக்குப் பார்த்தார்கள்.

லயத்துக் கதை வேற. "லயத்துக்குக் கார் வந்தா ஒண்ணு பிரசவம், இல்லாட்டி சாவு" என்பார் எங்க அம்மாயி. டவுனில் இருந்து வரும் வாடகை மொரிஸ் மைனரில் ஏழு பேர் நெருக்கி ஏறுவாங்களாம். நோர்வூட் தாண்டி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போற வளைவுகளில் 120 மைல் யாருக்கு வேணும்? பின் சீட்டில் ஒரு கர்ப்பிணியைச் சாய்த்து வைக்க இடம் இருந்தா போதும்.

1960களில் கார் இறக்குமதி இறுகினதால் பழைய மைனர்களே திரும்பத் திரும்ப ரிப்பேர் ஆகி ஓடின. எளிமையான எஞ்சின், ஊர் பாஸ்மாரே பிரித்துப் பூட்டினார்கள். பிற்காலத்தில் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

ஆனா செடானையும் சும்மா கொண்டாட முடியாது. அந்தக் கார் அறிமுகமான அடுத்த மாதம், 1948 நவம்பரில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, லட்சக்கணக்கான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. பத்து வருசம் கழித்து வாகன எண் தகட்டில் வந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்கு எதிரான போராட்டம் மலையகத்துக்கும் பரவியது. 1958 ஏப்ரலில் இதே பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் ரெண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். காரே இல்லாதவர்கள், காரின் எண் தகட்டுக்காக.

எனக்குக் கூப்பே பிடிக்கும், படம் கிடைத்தா பார்த்துக்கிட்டே இருப்பேன். ஆனா கேட்டா செடான் என்றுதான் சொல்வேன். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் ஒருக்கா கேளுங்க: முதன்முதலா எந்தக் காரில், எதுக்காக ஏறினாங்க? பதிலை எழுதி வைங்க. அந்தப் பயணங்களை எந்த கார் மியூசியமும் எழுதி வைக்கல.