ஆவணமில்லாத நினைவும் சான்றே



மெல்பேர்ண் வரலாற்றாசிரியர் மார்க் ரபேல் பேக்கர் 1997இல் வெளியிட்ட ‘தி ஃபிஃப்டியத் கேட்’, அதாவது ‘ஐம்பதாவது வாயில்’ என்னும் நூலை, நியூ சவுத் வேல்ஸில் பயின்ற உங்கள் பிள்ளைகளுள் சிலர் பாடமாகவே படித்திருக்கக்கூடும். யூத இனப்படுகொலையிலிருந்து தப்பி இந்நாட்டில் வாழ்வை மீளக் கட்டியெழுப்பிய தம் பெற்றோரின் வரலாறு அது.

தந்தை யோசல் போலந்தின் வியெர்ஸ்ப்னிக் ஊரினர். 1942 ஒக்டோபரில் அவ்வூர் யூதர்களுள் பெரும்பாலோர் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். சிறுவரான யோசல் அவுஸ்விட்ஸ், புக்கன்வால்ட் முகாம்களைக் கடந்து பிழைத்தார். தாய் கேனியா, இன்று உக்ரைனிலுள்ள பொல்ஷோவ்ட்சே ஊரில் வளர்ந்தவர். ஒளிந்திருந்து உயிர் தப்பிய சிறுமி.

அத்தகையோரை இந்நாடு இருகரம் நீட்டி வரவேற்றுவிடவில்லை. போருக்குப் பின்னரும், ஒரு கப்பலின் பயணிகளுள் யூதர் நான்கிலொரு பங்கிற்கு மிகலாகாது என்று 1946இல் வரம்பு விதிக்கப்பட்டது. அதையும் தாண்டி வந்தவர்களுள் பலர் மெல்பேர்ணின் கார்ல்டன் பகுதியில் குடியேறி, ஆடைத் தொழிற்கூடங்களில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தனர்.

பேக்கரின் நூலில் என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது ஒன்று உண்டு. தந்தை பட்ட துன்பத்திற்குக் கொலையாளிகளின் முகாம் ஏடுகளே சான்றாயின. தாயின் ஒளிவு வாழ்வுக்கு அத்தகைய ஏடு ஏது? வரலாற்றாசிரியரான மகன் ஆவணம் தேடுகிறார். தாயோ, தன் சொல் போதவில்லையே என்று மனம் நோகிறார்.

இரு துயரங்களை ஒப்பிட்டு அளப்பது என் நோக்கமன்று. ஆயினும் நம் இல்லங்களிலும் அத்தகைய தாய்மார் உளர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1983 யூலையிலும், பின்வந்த இடப்பெயர்வுகளிலும், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, திருமண நிழற்படம் அனைத்தையும் இழந்தோர் பலர். அவர்களிடம் எஞ்சியிருப்பது நினைவே. அதில் ஆண்டு பிசகலாம், தேதி தடுமாறலாம். எவர் இருந்தார், எவர் இல்லாமற்போனார் என்பதில் தடுமாற்றமில்லை. அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். அதைக் குடிவரவு அலுவலகம் முன்பே செய்து முடித்துவிட்டது.

மூத்தோரிடம் கேட்டறியுமாறு இணைச்சட்ட நூலின் 32ஆம் அதிகாரம் பணிக்கிறது. யூதரும் நாமும் ஒருங்கே போற்றும் நூல் அது. பேக்கர் 2023இல் மறைந்தார். பெற்றோரிடம் அவர் உரிய காலத்தில் கேட்டதனால் அவர்களின் கதை எஞ்சியது. இவ்வார இறுதியில் உங்கள் அம்மம்மாவின் அருகில் அமருங்கள். இறந்த உடன்பிறந்தோரின் பெயர்களை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மற்றவற்றை அவரே சொல்வார்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை