கோழிக்குப் பகலை நீட்டிய பல்பு

நாமக்கல் கோழிப்பண்ணையில் பல்பின் வேலை கோழியை ஏமாற்றுவது. இந்த ஊரின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. முட்டையிடும் கோழிக்கு 16 மணி நேரப் பகல் வேண்டும். மீதியைக் கூண்டுகளுக்கு மேலே தொங்கிய குண்டு பல்பு கொடுத்தது.

இந்தத் தந்திரத்தின் பூர்வீகம் குளிர்நாடு. 1920-களில் கனடாவின் எட்மன்டனில் விலங்கியலாளர் வில்லியம் ரோவன், உறைபனிக் காலத்தில் வெளிக்கூண்டில் இருந்த ஜங்கோ குருவிகளுக்குப் பொழுது சாய்ந்த பிறகும் பல்பை எரியவிட்டார். வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. புகையிலையும் பகலின் நீளம் பார்த்தே பூக்கிறது என்று அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1920-ல் எழுதியிருந்தார்கள். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் சாமந்திக்கு இரவில் விளக்குப் போடுவதும் இதே கணக்குதான். ஆனால் அங்கே பலன் தலைகீழ்: பகல் நீண்டால் சாமந்தி பூக்காமல் தண்டு வளர்த்துக்கொண்டிருக்கும்.

கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளையின் அடிப்பகுதி வரை இறங்கும். அவ்வளவு ஆழம் எளிதில் போவது சிவப்பு. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் அது தாராளம். பருவத்துக்கு வந்த கோழிக்கு வாரம் அரை மணி நேரமாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒருமுறை கூட்டியதைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் முட்டை குறையும். மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் இல்லாமல் பண்ணை நடத்த முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சித்திரை வெயிலில் இன்னொரு லாபம்: பகலில் தீவனத்தைத் தொடாத கோழி, விடியுமுன் பல்பு எரிந்ததும் அந்தக் குளிர்ச்சியில் தொட்டிக்குள் தலையை நீட்டும்.

பிறகு எல்.இ.டி. வந்தது. 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் விலையை இறக்க, மின்கட்டணத்துக்குப் பயந்தவர்கள் ஒரே மூச்சில் மாற்றினார்கள். சிக்கல் அதன் திறமையில் இருந்தது. 40 வாட் குண்டு பல்பு சுமார் 400 லூமன் தரும்; 9 வாட் எல்.இ.டி. சுமார் 900. ஒன்றுக்கு ஒன்று மாட்டினால் கொட்டகையில் இரு மடங்குக்கு மேல் வெளிச்சம். தீவனத் தொட்டியில் 10 முதல் 20 லக்ஸ் வெளிச்சம் போதும். மிஞ்சினால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். முதலில் மாட்டிக்கொள்வது பல்புக்குப் பக்கத்திலிருக்கும் மேல்தட்டுக் கூண்டு. கீழ்த்தட்டோ அப்போதும் அரையிருட்டில் கிடக்கும். குறைக்கலாமென்று பழைய டிம்மரைத் திருகினால் மலிவு எல்.இ.டி. துடிக்கும். வெள்ளை எல்.இ.டி. நீல ஒளியிலிருந்து பிறப்பதால் சிவப்பும் குறைவு. குறைந்த வாட்டில், மஞ்சள் நிறத்தில், நெருக்கமாக மாட்டி, கீழ்த்தட்டுத் தொட்டியில் லக்ஸ் மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் ஒழுங்கான வழி. மீட்டர் இல்லாவிட்டால், செய்தித்தாளைப் படிக்க முடிகிறதா என்று பார்த்தாலும் ஓரளவு தெரியும். பல்பில் படியும் தீவனத் தூசியை வாராவாரம் துடைக்கவில்லையென்றால் இந்த அளவெல்லாம் வீண்.

குண்டு பல்பு ஒழிந்துவிடவில்லை. தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கிறது என்று அதை விரட்டினார்கள். நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ப்பவருக்கு வேண்டியதே அந்தச் சூடு. தகரக் குடைக்கடியில் அதைத் தொங்கவிடுகிறார்கள். குஞ்சுகள் பல்புக்கடியில் முண்டினால் கயிற்றை இறக்குவார்கள், ஓரத்துக்கு ஒதுங்கினால் ஏற்றுவார்கள்.